அலுவலக நெட்வொர்க் தடைகள்: பல வருடம் புழங்கியதில் எது நின்றது, எதை விட்டேன்

கல்லூரி ஆய்வகத்தில் தொடங்கி இன்று வேலை பார்க்கும் அலுவலகம் வரை, நான் இருந்த எல்லா இடத்திலும், எந்தத் தளத்தை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று வடிகட்டும் ஏதோ ஒரு ஃபயர்வால் இருந்தது. அதில் மாட்டியவை பெரும்பாலும் சாதாரணத் தளங்கள்தான்: பாடத்துக்கான காணொளி, ஒரு திறந்த மூல மென்பொருளின் பதிவிறக்கப் பக்கம், யாரோ பொறுமையாக எழுதி வைத்த தொழில்நுட்பக் குறிப்பு. போக்குவரத்தைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி (மறையாக்கம்) வேறொரு சர்வர் வழியே அனுப்பும் விபிஎன் செயலிகளின் வேகத்தை அளந்து வரிசைப்படுத்தும் விமர்சனங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. மாதக்கணக்கில் வைத்துப் புழங்கினால் என்ன ஆகிறது என்பதை அவற்றில் பார்க்க முடிவதில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

எதையும் நிறுவுவதற்கு முன்னால் தடை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுங்கள். அலுவலக வைஃபையில் உங்கள் சொந்த ஃபோனில் அந்தத் தளத்தைத் திறந்து பாருங்கள். பிறகு அலுவலக மடிக்கணினியை ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டிலும் அதே தடைப் பக்கம் வந்தால், தடை நெட்வொர்க்கில் இல்லை. கணினிக்குள்ளேயே ஒரு கண்காணிப்பு மென்பொருளாகவோ பிரௌசர் கொள்கையாகவோ இருக்கிறது. பள்ளிகள் தரும் குரோம்புக்குகளில் இது சர்வசாதாரணம். கட்டுப்பாடு கணக்கோடு சேர்ந்தே வருவதால், மாணவர் வீட்டு இணையத்தில் நுழைந்தாலும் அது தொடர்கிறது. அப்படிப்பட்ட கணினியில் கீழே சொல்லும் எந்த வழிக்கும் பலனில்லை, முயலவும் வேண்டாம்.

தடை நெட்வொர்க்கில்தான் என்றால், எளிமையானது டிஎன்எஸ் வடிகட்டல். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை. தளத்தின் பெயரைக் கேட்டால் நெட்வொர்க்கின் டிஎன்எஸ் சர்வர் தவறான முகவரியைத் தரும், அல்லது பதிலே தராது. கூகுள் தன் பொது டிஎன்எஸ்ஸை 2009-ல் வெளியிட்ட பிறகு, அமைப்பில் 8.8.8.8 என்று மாற்றியதுமே பல இடங்களில் வழி திறந்தது. கிளவுட்ஃபிளேரின் இதே போன்ற 1.1.1.1 வந்தது 2018-ல். இன்று இந்த மாற்றத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். டிஎன்எஸ் கேள்விகள் வெளியே போகும் 53-ஆம் போர்ட்டை (இணைப்புகளுக்கான எண்ணிட்ட வாசல்) மூடிவிடுகிறார்கள், அல்லது அதில் போகும் கேள்விகளை எல்லாம் தங்கள் சர்வருக்கே திருப்பிவிடுகிறார்கள். டிஎன்எஸ் கேள்வியை எச்டிடிபிஎஸ்ஸுக்குள் (தளங்களின் மறையாக்கம் செய்த இணைப்பு) வைத்து அனுப்பும் முறை 2018-ல் தரப்படுத்தப்பட்டது. அது சாதாரணத் தளங்களுக்கான அதே 443-ஆம் போர்ட்டில் போவதால் பெரும்பாலும் வெளியேறிவிடும். ஆனால் பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கும் முதல் செய்தியிலேயே பிரௌசர் தளத்தின் பெயரைப் பெரும்பாலும் வெளிப்படையாகச் சொல்கிறது. எஸ்என்ஐ எனப்படும் அந்தப் பகுதியைப் படித்தே பெரும்பாலான ஃபயர்வால்கள் இணைப்பை வெட்டுகின்றன. டிஎன்எஸ்ஸை மாற்றியும் தளம் திறக்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் பலருக்கும் காரணம் இதுதான்.

இலவச வலை ப்ராக்ஸி தளங்களைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை. முகவரியைப் போட்டால் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டும் அந்த ரகத்தில், நீங்கள் தட்டுவது எல்லாம் நடுவில் இருப்பவருக்குத் தெரியும். கடவுச்சொல்லும் அதில் அடக்கம். ஃபயர்வால் விற்பவர்கள் தளங்களை வகைப்படுத்தும் தங்கள் பட்டியலில் இவற்றுக்கென்றே ஒரு தனிப் பகுப்பு வைத்திருப்பதால், இன்று திறக்கும் ப்ராக்ஸி அடுத்த வாரம் மூடிக்கிடக்கும். வெறும் கட்டுரையைப் படிக்க வேண்டும் என்றால் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின் எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. கூகுள் சேமித்து வைத்துக் காட்டிய கேஷ் பக்கமும் அப்படித்தான் இருந்தது. 2024-ல் அதை நிறுத்திவிட்டார்கள்.

இலவச விபிஎன் செயலிகளும் கிட்டத்தட்ட அதே கதை. 2016-ல் ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 38 சதவீதத்தில் தீநிரல் அறிகுறி இருந்தது, 18 சதவீதம் தரவை மறையாக்கமே செய்யவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, ஹோலா என்ற விபிஎன் சேவை தன் இலவசப் பயனர்களின் இணைப்பை வேறு வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்தது வெளியே வந்தது. உங்கள் அலுவலகத்தின் ஐபி முகவரியிலிருந்து முன்பின் தெரியாத ஒருவரின் போக்குவரத்து வெளியேறுவதை நினைத்துப் பாருங்கள். நண்பர்கள் யார் கேட்டாலும் இந்த ஒன்றைத்தான் அழுத்திச் சொல்கிறேன்: இலவசச் செயலியை அலுவலகக் கணினியில் போடாதீர்கள்.

நீண்ட காலம் பயன்படுத்தியது சொந்த சர்வரை. சிறிய வாடகை சர்வர் ஒன்றை எடுத்து, முதலில் எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள சர்வரில் மறையாக்கத்தோடு நுழையும் முறை) சுரங்கம் வழியாக, பிரௌசரின் போக்குவரத்தை அந்த சர்வருக்குக் கடத்தும் சாக்ஸ் ப்ராக்ஸி அமைத்துக்கொண்டேன். அமைக்க ஒரே ஒரு கட்டளை போதும், நிர்வாகி அனுமதி தேவையில்லை, உரை சார்ந்த தளங்களுக்கு வேகமும் போதுமானது. ஃபயர்பாக்ஸில் டிஎன்எஸ் கேள்விகளையும் சாக்ஸ் வழியே அனுப்பும் தேர்வை இயக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயர்கள் எல்லாம் உள்ளூர் நெட்வொர்க்குக்கே கசியும். எஸ்எஸ்எச்சின் வழக்கமான 22-ஆம் போர்ட் மூடியிருந்தால், சர்வரை 443-ல் இணைப்புகளை ஏற்க வைக்கலாம். அதுவும் எல்லா இடத்திலும் செல்லாது. எஸ்எஸ்எச் இணைந்தவுடன் தன் பெயரையும் பதிப்பையும் திறந்த எழுத்தில் அறிவிப்பதால், தரவுப் பொட்டலத்தைப் பிரித்துப் படிக்கும் ஃபயர்வால் உடனே அடையாளம் கண்டுவிடும்.

பிறகு வயர்கார்டு என்ற விபிஎன்னுக்கு மாறினேன். 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கெர்னலிலேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) சேர்க்கப்பட்ட இது, அன்றாடப் புழக்கத்துக்கு நான் பார்த்தவற்றிலேயே சிறந்தது. ஃபோன் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்குத் தாவினாலும் இணைப்பு அறுவதில்லை, பேட்டரியையும் பெரிதாகத் தின்பதில்லை. அலுவலக நெட்வொர்க்கில் மட்டும் இதன் குறை தெரிகிறது: யுடிபி (போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்காமல் தரவை அனுப்பும் முறை) தவிர வேறெதிலும் பேசாது. கண்டிப்பான நெட்வொர்க்குகள் வெளியே போகும் யுடிபியை மூடியே வைத்திருக்கும். அங்கே ஓபன்விபிஎன் என்ற இன்னொரு விபிஎன்னை, தொலைந்த தரவை மறுபடி அனுப்பும் டிசிபி முறையில், 443-ஆம் போர்ட்டில் ஓட்டினால் மெதுவாகவேனும் நகரும். டிசிபிக்குள் டிசிபி ஓடுவதால், இணைப்பு கொஞ்சம் தடுமாறினாலும் இரண்டு அடுக்கும் ஒரே நேரத்தில் மறு அனுப்புதலில் இறங்கி வேகம் படுத்துவிடும். போக்குவரத்தைப் பல இடைநிலை சர்வர்கள் (ரிலே) வழியே அனுப்பும் டோர் பிரௌசரையும் வைத்திருந்தேன். பொது ரிலேக்களின் பட்டியல் யாரும் எடுக்கக்கூடியது என்பதால் அவற்றை அடைப்பது எளிது. அந்தப் பட்டியலில் இல்லாத ரிலேயான பிரிட்ஜ் வழியாக இணைந்தாலும் மூன்று ரிலே தாண்டிப் போகும் தாமதத்தோடு வேலை பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. அரசுத் தணிக்கைக்கு நடுவே செய்தி படிக்கிறவர்களுக்கு அது விலைமதிப்பற்றது. அலுவலகத் தேவைக்கு அதிகம்.

இத்தனையும் வேலை செய்தாலும், மறைவாக வேலை செய்வதில்லை. உள்ளே என்ன போகிறது என்பது அட்மினுக்குத் தெரியாது. ஆனால் ஒரே வெளி முகவரிக்கு மணிக்கணக்காக மறையாக்கம் செய்த போக்குவரத்து போவது பதிவேட்டில் பளிச்சென்று தெரியும். தரவைத் திருடும் மென்பொருளின் நடத்தையும் வெளியிலிருந்து பார்த்தால் இதேதான். அதை ஆராய வேண்டியது அவர்கள் வேலை. பல நிறுவனங்களின் பயன்பாட்டுக் கொள்கையில் தடையைத் தாண்டுவது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது என்று எழுதியே இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். பிரௌசரில் முகவரிக்கு முன்னால் இருக்கும் குறியைச் சொடுக்கித் தளத்தின் சான்றிதழை வழங்கியவர் பெயரையும் பாருங்கள். அங்கே உங்கள் நிறுவனத்தின் பெயரோ ஃபயர்வாலின் பெயரோ இருந்தால், எச்டிடிபிஎஸ்ஸும் நடுவில் பிரித்துப் படிக்கப்படுகிறது என்று அர்த்தம். அந்தக் கணினியில் சொந்த மின்னஞ்சலைக்கூட நான் திறப்பதில்லை.

இப்போது என் சர்வரும் வயர்கார்டும் விடுதி, விமான நிலைய வைஃபைகளுக்கு மட்டும். அலுவலகத்தில் சொந்த விஷயம் எல்லாம் என் ஃபோனில், என் மொபைல் டேட்டாவில். வேலைக்குத் தேவையான தளம் என்றால் ஐடி டீமிடம் திறக்கச் சொல்லிக் கேட்கிறேன். இது நான் எதிர்பார்த்ததைவிட மிக நன்றாக நடக்கிறது. ஏனென்றால் பல தடைகளை யாரும் யோசித்துப் போடவில்லை. விற்பனையாளரின் பகுப்புப் பட்டியல் தானாகப் போட்டது. புதிதாகப் பதிவான டொமைன் என்ற ஒரே காரணத்துக்காகச் சில வாரங்கள் அடைபடும் தளங்களும் உண்டு.

ஐடி டீமுக்குப் போடும் கோரிக்கை டிக்கெட்டில் நான் எழுதுவது முழு முகவரி, தடைப் பக்கத்தில் காட்டும் பகுப்பின் பெயர், எந்த வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு. 'தளம் திறக்கவில்லை' என்று மட்டும் எழுதினால் அது வரிசையின் கடைசியில் கிடக்கும். பகுப்பே தவறு என்று தெரிந்தால், ஃபோர்டிகார்டு, சிஸ்கோ டாலோஸ் போன்ற, விற்பனையாளர்களின் பகுப்புச் சேவைகளின் பொதுத் தேடல் பக்கத்தில் தளத்தின் முகவரியைப் போட்டுச் சரிபார்த்து, மறுபகுப்புக் கோரிக்கையை நீங்களே அனுப்பலாம். அங்கே திருத்திவிட்டால், அதே பட்டியலைப் பயன்படுத்தும் மற்ற அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் அந்தத் தளம் திறந்துவிடும்.