ஃபிஃப்டி-ஃபிஃப்டியா, கேள்வியை மாற்றுவதா? அனிமே வினாடி வினாவுக்கு எந்த லைஃப்லைன் சரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் என்ற அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடரை இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கேள்வி இதுதான்: "கிங் பிராட்லி எந்த ஹோமன்குலஸ்?" (ஹோமன்குலஸ் என்றால் அந்தக் கதையில் வரும் செயற்கை மனிதர்.) விடைகள் நான்கு: பிரைட், ராத், என்வி, கிரீட். எங்கள் நண்பர் வட்டத்துக்காக டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் நான் நடத்திய ஆட்டம் அது. ஆடியவர் ஃபிஃப்டி-ஃபிஃப்டி, அதாவது இரண்டு தவறான விடைகளை நீக்கும் உதவியைக் கேட்டார். என்வியும் கிரீடும் மறைந்தன. மிச்சம் நின்றவை பிரைட், ராத். அவர் பார்த்தது 2003-இல் வந்த தொடர். அதில் பிராட்லிதான் பிரைட். நான் மனதில் வைத்திருந்தது 2009-இல் வந்த பிரதர்ஹுட். அதில் பிராட்லி ராத், பிரைட் என்பது அவருடைய மகன் செலிம். அவர் பிரைட் என்றார். தவறு என்றேன். இரண்டு விடையுமே சரி என்று குழுவில் ஒருவர் எடுத்துச் சொன்னபோது ஆட்டம் நின்றுபோனது.

அன்றிலிருந்து எந்த லைஃப்லைன் இந்த விளையாட்டுக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து வருகிறேன். நாம் எல்லோரும் எடுத்துக்கொள்ளும் அச்சு ஒன்றுதான். 1998 செப்டம்பரில் பிரிட்டனின் ஐடிவியில் தொடங்கிய "ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்?" நிகழ்ச்சி அது: 15 கேள்வி, நான்கு விடை, மூன்று உதவி. 2000-இல் ஜப்பானின் ஃபூஜி டிவியில் மினோ மோண்டா நடத்தினார்; அவர் இழுத்துக் கேட்ட "ஃபைனல் ஆன்சர்?" அங்கே ஊர்ப்பேச்சாகவே ஆனது. அதே ஆண்டு இந்தியில் அமிதாப், 2012-இல் தமிழில் சூர்யா. நமக்குப் பழகிய வடிவம் என்பதால் விதிகளையும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். அங்கேதான் கோளாறு. அது பொது அறிவுக்காகச் செய்த சட்டை. பொது அறிவில் விடை தெரியவில்லை என்றால் படித்து மறந்திருப்பீர்கள், அல்லது காதில் விழுந்து நழுவியிருக்கும். அனிமேயில் விடை தெரியாததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், அந்தத் தொடரைப் பார்க்கவில்லை. நருடோவும் அதன் தொடர்ச்சியான ஷிப்பூடனும் சேர்ந்து 720 எபிசோடு. எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்திருக்க முடியாது. மறந்தவருக்கு வேண்டிய உதவி வேறு, பார்க்காதவருக்கு வேண்டிய உதவி வேறு.

இந்த அளவுகோலை வைத்தால் ஃபிஃப்டி-ஃபிஃப்டி மறந்தவருக்கானது. இரண்டு பெயர் மறைந்ததும் பார்த்தவருக்குப் பொறி தட்டும். பார்க்காதவருக்கு அது பூவா தலையா. அதற்குப் போட்டியாக நிற்பது, 2008-இல் அமெரிக்கப் பதிப்பில் வந்த டபுள் டிப்: ஒரே கேள்விக்கு இரண்டு முறை விடை சொல்லலாம், ஆனால் எடுத்துவிட்டால் பின்வாங்க முடியாது. என் ஓட்டு டபுள் டிப்புக்குத்தான். ஃபிஃப்டி-ஃபிஃப்டியில் எந்த இரண்டை விட்டுவைப்பது என்று கேள்வி எழுதியவர் முடிவுசெய்தால் அவருடைய மனசாட்சியை நம்ப வேண்டியிருக்கிறது; குலுக்கல் முறையில் நீக்கினால் சில நேரம் சிரிப்புக்காகப் போட்ட விடை ஒன்று மிஞ்சி, கேள்வியே இலவசமாகிவிடுகிறது. டபுள் டிப்பில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஆடுபவர் தானே யோசித்து, தானே துணிந்து இறங்குகிறார். பிராட்லி கேள்விக்கு அன்று டபுள் டிப் இருந்திருந்தால் பிரைட் சொல்லி, அடுத்து ராத் சொல்லி, சண்டையில்லாமல் மேலே போயிருப்பார்.

பார்வையாளர் வாக்கைப் பற்றி எனக்கு இருந்த நம்பிக்கை ஒரே கேள்வியில் கரைந்தது. "ஹயாவோ மியாசாகி இயக்கிய முதல் முழுநீளத் திரைப்படம் எது?" அறையில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் நௌசிகா என்று வாக்களித்தார்கள். சரியான விடை 1979-இல் வந்த த கேசில் ஆஃப் காக்லியோஸ்ட்ரோ, லூபன் என்ற திருடனைப் பற்றிய படம். நௌசிகா 1984. ஜிப்லி ஸ்டூடியோ தொடங்கியதே அதற்கு அடுத்த ஆண்டுதான், ஆனால் நம் மனதில் மியாசாகி என்றாலே ஜிப்லி, ஜிப்லிக்கு முன்னால் நௌசிகா, அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. ரசிகர் கூட்டம் ஒன்றாகத் தெரிந்துவைத்திருப்பது போலவே ஒன்றாகத் தவறாகவும் நம்புகிறது. அதனால் இந்த உதவியை முதல் ஐந்து கேள்விக்குள் மட்டும் அனுமதிக்கலாம். அங்கே அது நன்றாக உழைக்கும். வாக்கு ரகசியமாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாட்டில் வரிசையாக விழும் பதில்களை வைத்து வாக்கெடுத்தால் முதல் ஆள் சொன்னதுதான் முடிவு. வாக்கு நடக்காத நேரத்தில் எமோஜி போடுவதையும் பூட்டிவிடுங்கள். 2001-இல் பிரிட்டனில் தன் முறைக்காக அரங்கில் காத்திருந்த போட்டியாளர் ஒருவர் இருமி விடை காட்டியதாக வழக்காகி, 2003-இல் தண்டனையே கிடைத்தது. ஓர் எமோஜி இருமலைவிடத் தெளிவாகப் பேசும்.

2018-இல் பிரிட்டன் சேர்த்த "ஹோஸ்டைக் கேள்", அதாவது நிகழ்ச்சியை நடத்துபவரிடமே கேட்பது, நமக்கு ஒத்துவராது. நம் ஆட்டங்களில் கேள்வி எழுதுபவரும் ஹோஸ்டும் ஒரே ஆள்.

நண்பருக்கு ஃபோன் போடுவது எனக்கு மிகப் பிடித்தது. பார்க்காதவருக்கு உண்மையில் கைகொடுப்பது அதுதான், அதோடு ரசிகர் கூட்டம் என்பது எப்படி இயங்குகிறதோ அதே வழியில் இயங்குகிறது. ஒரு முறை வந்த கேள்வி, கின்டாமா தொடரில் நாயகன் கின்டோக்கியின் மரவாளில் என்ன எழுதியிருக்கும் என்பது. ஆடியவர் அந்தத் தொடரின் பக்கமே போகாதவர்.

"மச்சான், கின்டாமா பார்த்திருக்கல்ல? அந்த மரவாள்ல ஏதோ எழுதியிருக்குமாமே?"

"தோயாகோடா. ஹொக்கைடோவுல இருக்கிற ஏரி. பிடியில செதுக்கியிருக்கும், நல்லா ஞாபகம் இருக்கு."

ஐந்து விநாடிகூட ஆகவில்லை. அன்று இரவே ஆடியவர் கின்டாமா பார்க்க உட்கார்ந்துவிட்டார். இதற்காகத்தானே இந்த ஆட்டத்தையே நடத்துகிறோம்.

ஆனால் அதே ஐந்து விநாடியில் தேடியும் எடுத்துவிடலாம். அமெரிக்கப் பதிப்பு 2010-இல் இந்த உதவியை எடுத்ததற்குக் காரணமே, மறுமுனையில் இருந்தவர்கள் இணையத்தில் தேட ஆரம்பித்ததுதான். பின்னாளில் அங்கேயே வந்த பிளஸ் ஒன் முறை நல்ல மாற்று: நண்பர் அரங்கிலேயே இருப்பார், கூப்பிட்டதும் பக்கத்தில் வந்து நிற்பார். நேரடி ஆட்டமென்றால் கண்ணை மூடிக்கொண்டு பிளஸ் ஒன். ஆன்லைன் என்றால் துணைக்கு வருபவர் முதல் கேள்வியிலிருந்தே குரல் அறையில் இருக்க வேண்டும், கேமராவில் இரண்டு கையும் தெரிய வேண்டும், 20 விநாடிக்குள் பேசி முடிக்க வேண்டும். கடுமையாகத் தோன்றும். ஆனால் இந்த விதி வந்த பிறகு "தேடினியா?" என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

இனி கேள்வியை மாற்றுவது. 2004-இல் அமெரிக்கப் பதிப்பு இதைக் கொண்டுவந்தபோது 10-வது கேள்வியைத் தாண்டியவருக்கே தந்தது. நமக்கு அது தலைகீழாக இருக்க வேண்டும். பார்க்காத தொடர் இரண்டாவது கேள்வியிலேயே வந்து ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிடும். இன்னொன்று, பழைய கேள்வியின் விடையைச் சொல்லிவிட்டுப் புதியதைக் கேட்பது தொலைக்காட்சிப் பழக்கம். அதை மட்டும் செய்யாதீர்கள். பார்க்காததால்தானே மாற்றினார்? முடிவை அவர் காதில் போட்டால், அவர் பிறகு ஆசையாகப் பார்க்கவிருந்த தொடர் அங்கேயே பாழ்.

அதனால் ஸ்பாய்லருக்கு, அதாவது பார்க்கும் முன்பே கதை தெரிந்துவிடுவதற்கு, தனி விதி வைத்திருக்கிறேன். கேள்விக்கு முன் எந்தத் தொடர், எதுவரை என்று அறிவிப்பேன்: "அட்டாக் ஆன் டைட்டன், மூன்றாம் சீசன் முடிவுவரை." அதுவரை பார்க்கவில்லை என்றால் லைஃப்லைன் செலவில்லாமல் கேள்வி மாறும். இதை வைத்துக் கஷ்டமான கேள்வியிலிருந்து நழுவ மாட்டார்களா என்று கேட்கிறார்கள். நியாயம்தான். அதனால் ஆட்டத்துக்கு முன்பே பார்த்தவற்றின் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும். பட்டியலில் இருப்பதற்கு இந்தச் சலுகை இல்லை. கேள்விகளில் பாதி அந்தப் பட்டியலிலிருந்து, பாதி வெளியிலிருந்து. முழுவதையும் பட்டியலிலிருந்தே எடுத்தால், குறைவாகப் பார்த்தவருக்கு ஆட்டம் சுலபமாகிவிடும்.

15 கேள்வி வேண்டாம், 10 போதும். ஆளுக்கு மூன்று உதவி: டபுள் டிப், துணைக்கு ஒருவர், கேள்வி மாற்று. பார்வையாளர் வாக்கு நான்காவதாக, முதல் ஐந்துக்குள். கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் தொடரின் பெயரோடு ஆண்டையும் எழுதுகிறேன். பிராட்லி கேள்வி இப்போது என்னிடம் இரண்டு கேள்வியாக இருக்கிறது, ஒன்று 2003, இன்னொன்று 2009.