தொப்பூர் ஏற்றத்தில் கார் சூடாகி நின்றால் உஷார்

சேலத்திலிருந்து பெங்களூர் போகும் வழியில், தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது எங்கள் காரின் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே டூவீலரில் ஒருவர் வந்து நின்றார். "என்ன சார், ஹீட் ஆயிடுச்சா? நம்ம ஷெட்டு பக்கத்துலதான் இருக்கு." இன்சூரன்ஸ் கம்பெனியின் உதவி எண்ணில் கேட்டால் ஆள் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். நல்ல வெயில், பின்சீட்டில் சர்க்கரை நோயுள்ள அம்மா. சரி என்றோம்.

கொஞ்ச தூரம் கட்டி இழுத்ததற்கு 3,000 ரூபாய். அதுவும் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு சொன்ன விலை.

மெக்கானிக் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கூடப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு, "வாட்டர் பம்ப் போயிடுச்சு சார். இப்படியே ஓட்டினா ஹெட் கேஸ்கட் போயிடும், அப்புறம் எஞ்சினையே இறக்கணும், நாப்பதாயிரம் ஆகும்" என்றார். அந்த நாப்பதாயிரத்தைக் கேட்ட காதுக்கு, அடுத்து பம்ப் மாற்றச் சொல்கிற 11,500 மலிவாகத்தான் கேட்கும். பார்ட்டு தருமபுரியிலிருந்து வரவேண்டும், குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். திரும்பி வந்தபோது பம்ப் பளபளவென்று இருந்தது. பழையதைக் கேட்டேன். "எக்ஸ்சேஞ்சுல போயிடுச்சு சார்." பில் கேட்டதற்குக் கேலண்டர் தாளைக் கிழித்துத் தொகையை எழுதிக் கொடுத்தார். ஜிபேயில் பணம் போனது வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயருக்கு.

ஓசூர் வரை வண்டி அருமையாக ஓடியது. அத்திப்பள்ளி நெரிசலில் முள் மறுபடி ஏறியது.

மச்சான் வழக்கமாக வண்டி விடும் பெங்களூர் மெக்கானிக், எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டார். ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. ஃபேனுக்குக் கரன்ட் விடும் ரிலே போயிருந்தது. கூலியும் சேர்த்து 600 ரூபாயில் வேலை முடிந்தது. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். ஏற்றத்திலும் நெரிசலிலும்தான் ஃபேன் தேவை. எஞ்சினுக்குள் கூலன்ட்டைச் சுற்றவிடும் பம்ப் போயிருந்தால் ஹைவேயிலேயே சூடேறியிருக்கும் என்றார். அப்புறம் டார்ச் அடித்துப் பம்பைக் காட்டினார். அதே பழைய பம்ப், மேலே சில்வர் ஸ்பிரே. போல்ட் தலைகளில் படிந்திருந்த எண்ணெய் அழுக்கின் மேலேயே பெயின்ட் ஏறியிருந்தது. பக்கத்து ரப்பர் ஹோஸிலும் ரெண்டு விரல் அகலத்துக்குச் சில்வர். நகத்தால் சுரண்டினால் உரிந்து வந்தது. ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. கூலன்ட் என்று ஊற்றியதும் குழாய்த் தண்ணீர்தான்.

நெடுஞ்சாலை மெக்கானிக் எல்லோரையும் சொல்லவில்லை. உளுந்தூர்பேட்டை பக்கம் நடுராத்திரியில் பெல்ட் மாற்றிக் கொடுத்து, கூலி நூறு ரூபாய் போதும் என்றவரும் இருக்கிறார். ஆனால் இந்த மாதிரி ஷெட்டுகளின் கணக்கே வேறு: வெளியூர் நம்பர் பிளேட், 11,500 ரூபாய்க்காக யாரும் திரும்பி வரப்போவதில்லை.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் முதலில் 1033-க்கு அழையுங்கள். ரோந்து வண்டி, கிரேன், ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அதுதான் எண். ரிப்பேர் பார்க்கமாட்டார்கள்; வண்டியைப் பாதுகாப்பாக ஓரம் சேர்க்க உதவுவார்கள். யாராவது இழுத்துப் போவதாகச் சொன்னால், கயிறு கட்டும் முன் தொகையைப் பேசிவிடுங்கள். வண்டி சூடானால் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்து ஏசி போட்டு ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கார்களில் உடனே சுற்றும். சுற்றாவிட்டால் பம்ப் பேச்சுக்கு வருமுன் ஃபியூஸையும் ரிலேயையும் பார்க்கச் சொல்லுங்கள். எதைக் கழற்றுவதாக இருந்தாலும் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துவிட்டு, பழைய பார்ட்டு எனக்கு வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். சாப்பிடப் போவதென்றால் வீட்டாரை அனுப்பிவிட்டு ஒருவராவது வண்டியோடு நில்லுங்கள்.

ஏமாந்த ஊருக்கே போய்த்தான் வழக்குப் போடவேண்டும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் கொடுக்கவேண்டும். அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இலும் பேசிப் பார்க்கலாம்.

நான் 1915-இல் பதிவு செய்துவிட்டேன். ஷெட்டுக்காரர் போனை எடுப்பதில்லை. ஜிபே விவரம், பெயின்ட் அடித்த பம்பின் படங்கள், பெங்களூர் மெக்கானிக் கொடுத்த பில், அந்தக் கேலண்டர் தாள் எல்லாவற்றையும் சேர்த்து அடுத்த வாரம் மாவட்ட ஆணையத்தில் மனு கொடுக்கிறேன்.