லோடு இறக்க சுமட்டுக்காரரா, சொந்த ஆளா?

கோவையில் சாமான் வாங்கி, கேரள எல்லை தாண்டி கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு வரும் குழப்பம் இது. சுமட்டுக்காரர் என்றால் அங்கே லோடு ஏற்றி இறக்கும் சுமைத் தொழிலாளர்.

கூலி: சுமட்டுக்காரருக்கு ஏரியாவுக்கென்று நிர்ணயித்த ரேட் உண்டு. வண்டி வருமுன்பே கேட்டுவிடுங்கள், ரசீதும் வாங்குங்கள். சொந்த ஆளென்றால் நாள் கூலி, அப்புறம் டீ, சாப்பாடு, பஸ் காசு. இருபது மூட்டைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது.

வேகம்: 50 கிலோ சிமெண்ட் மூட்டையில் பழகின தோளோடு யாரும் போட்டி போட முடியாது. துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்தார்களென்றால் லாரி காலியாவதே தெரியாது. அட்டி போடும்போது மட்டும் பக்கத்தில் நில்லுங்கள்: அடியில் பலகை, சுவரிலிருந்து ஒரு அடி இடைவெளி, உயரம் பத்து மூட்டைக்கு மேல் வேண்டாம். ஏறினால் அடி மூட்டை இறுகிக் கட்டியாகும்.

பத்திரம்: கண்ணாடி, பீரோ, பாட்டி காலத்து ஊஞ்சல் பலகை என்றால் சொந்த ஆள்தான். எதை எங்கே பிடிக்க வேண்டும் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

தகராறு: சுமட்டுத் தொழிலாளர்களுக்குக் கேரளத்தில் 1978-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது, அது அவர்கள் போராடிப் பெற்றது. ஆனால் வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கேட்கும் நோக்குகூலியை 2018 மே 1 முதல் அரசு ஒழித்துவிட்டது. கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

சிமெண்ட், ஓடு, செங்கல் வந்தால் சுமட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். குடிபோகும் சாமானுக்கு மச்சான்மார் போதும்.