சென்னைத் தமிழா, டர்பன் ஆங்கிலமா? பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வும் தொலைபேசி ஆலோசனையும்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருந்துகொண்டு சென்னை ஆலோசகரிடம் பேசலாமா, டர்பனிலேயே ஒருவரைப் பிடிக்கலாமா? மகள் பிறந்த ஆறாவது வாரம், அவள் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராமல் அழுதுகொண்டிருந்தேன். அப்போது இரண்டையும் செய்து பார்த்தேன்.

சென்னையின் பலம் மொழி. "பிள்ளையைப் பார்த்தா பாசமே வரலை" என்பதை முதலில் ஆங்கிலத்தில்தான் சொன்னேன். படிவம் நிரப்பியதுபோல இருந்தது. தமிழில் சொன்னபோது தொண்டை அடைத்துக்கொண்டது. அப்புறம், எங்கள் வீட்டில் தமிழ் பேசினாலே கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி. மாமியார் கோயிலில் தேவாரம் பிசகாமல் பாடுவார், ஆனால் பேச்சுத் தமிழ் புரியாது. அவர் சமையலறையில் இருக்கும்போதே அடுத்த அறையில் மனம்விட்டுப் பேசினேன். டர்பன் ஆலோசகரிடம் பேச மட்டும் வெளியே நிற்கும் காருக்குள் போய் உட்கார வேண்டும். உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டதும் பால் சுரந்து சட்டை நனையும். பாதியில் போனை வைத்துவிட்டு ஓடுவேன்.

நேரம் சென்னைக்கு எதிரி. வித்தியாசம் மூன்றரை மணி. இங்கே இரவு 9 மணிக்கு மனம் கனக்கும்போது அங்கே நள்ளிரவு 12.30.

ஆனால் பெரிய வேறுபாடு வேறு இடத்தில் தெரிந்தது. பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க எடின்பரோ கேள்வித்தாள் என்று ஒன்று உண்டு, 1987இல் வந்தது, 10 கேள்விகள். உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது கடைசிக் கேள்வி. "எப்பவாவது" என்றேன். சென்னை ஆலோசகர் பதறாமல், "இப்போ பக்கத்துல யார் இருக்காங்க?" என்று கேட்டார். கடல் தாண்டி அவரால் அவ்வளவுதான் முடியும். டர்பன் ஆலோசகர் அன்றைக்கே எந்த கிளினிக், எந்த டாக்டர் என்று சொல்லி, என் கணவரையும் பேச வைத்தார். தாய்ப்பால் கொடுக்கும்போதே எடுத்துக்கொள்ளக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன, ஆனால் அதை எழுதித்தர இங்குள்ள டாக்டர்தான் வேண்டும்.

வீடியோவா, வெறும் குரலா என்றால் நான் குரலின் பக்கம். தலைவாராத முகத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே பேசுவது எனக்குப் பாரமாக இருந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் மனச்சோர்வு வரும் அபாயத்தில் இருந்த 701 தாய்மாரிடம் செய்த ஆய்வு 2009இல் வெளியானது. முன்பு இதே நிலையைக் கடந்து வந்த பெண்கள் போனில்தான் பேசினார்கள். 12 வாரத்தில் அறிகுறிகள் இருந்தது அந்த உதவி கிடைத்தவர்களில் 14 சதவீதம், கிடைக்காதவர்களில் 25.

குறுஞ்செய்தி துணைக்குச் சரி. தென்னாப்பிரிக்க அரசின் மாம்கனெக்ட் சேவை 2014 முதல் கர்ப்பிணிகளுக்கும் தாய்மாருக்கும் செய்தி அனுப்புகிறது. நல்லதுதான், ஆனால் பேச்சு சிகிச்சைக்கு அது மாற்று இல்லை.

ஒன்றுதான் கட்டுப்படியாகும் என்றால் டர்பனில் இருப்பவரையே பிடியுங்கள். இரண்டும் முடிந்தால் சென்னையைக் காலை 11 மணிக்கு வையுங்கள், அங்கே அப்போது 2.30. முதல் அழைப்பிலேயே உங்கள் வீட்டு முகவரியையும், ஓடி வரக்கூடிய ஒருவரின் எண்ணையும் கொடுத்துவிடுங்கள், சென்னையில் இருப்பவரிடமும்.