முதல் நாவல்: பதிப்பகமா, சொந்த அச்சா, கிண்டிலா?

நாவலை முடித்ததும் சேலத்துக்காரர் பலருக்கு முதலில் தோன்றுவது பதிப்பகம் தேடிச் சென்னை பஸ் ஏறுவது. தேவையில்லை. காலச்சுவடு பதிப்பகம் நாகர்கோவிலில், எதிர் வெளியீடு பொள்ளாச்சியில், விஷ்ணுபுரம் பதிப்பகம் கோவையில் இருக்கின்றன. ஊரைவிட அவர்களுடைய நூல்பட்டியலைப் பார்ப்பதே முக்கியம். தீவிர இலக்கியம் போடும் இடத்துக்குக் குடும்ப நாவலை அனுப்பினால் பதிலே வராது.

பதிப்பகம் என்றால் கைக்காசு போகாது, காலம் போகும். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் என்பதால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பதிப்பகங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் முழு நாவலையும் யூனிகோடில், ஒரே வேர்டு கோப்பாக, ஒரு பக்கக் கதைச்சுருக்கத்தோடு அனுப்பலாம். ராயல்டி பெரும்பாலும் விலையில் 10 சதவீதம். ஒப்பந்தத்தில் மின்னூல், மொழிபெயர்ப்பு உரிமைகளைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ‘பங்களிப்புத் தொகை’ கேட்டால் அது பதிப்பகம் இல்லை, வேறு பெயரில் சொந்த அச்சு.

சொந்த அச்சில் கணக்குதான் எல்லாம். 40,000 சொல் நாவல், நாவல்களுக்கு வழக்கமான டெமி அளவில் ஏறத்தாழ 200 பக்கம் வரும். ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கக் கட்டுக்குப் பாரம் என்று பெயர், ஒரு பாரம் 16 பக்கம். 13 பாரத்துக்கு 208. இரண்டு பக்கம் கூடி 210 ஆனாலும் அடுத்த பாரம் தொடங்கிவிடும், எழுத்தளவைக் கொஞ்சம் குறைத்து உள்ளே அடக்குவது நல்லது. 300 பிரதிக்கு மேல் தகடு செய்து அச்சிடும் ஆப்செட், அதற்குக் கீழே டிஜிட்டல் அச்சு கட்டுபடியாகும். கடைகள் 35 முதல் 40 சதவீதம் கழிவு கேட்கும். ஒரு பிரதியின் அடக்கச் செலவு 100 ரூபாய், விலை 200 என்று வைத்தால் 40 சதவீதம் போக மிஞ்சுவது 20 ரூபாய். பார்சல் செலவிலேயே அது கரைந்துவிடும். அடக்கத்தைப்போல் மூன்று மடங்காவது விலை வையுங்கள்.

சறுக்குவது எழுத்துருவில். பழைய எழுத்துருவான பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பில் துணைக்கால் ‘ர’ ஆகிக் கிடக்கும், ‘ஔ’ ‘ஒள’ ஆகியிருக்கும். மாற்றிய பிறகும் ஒருமுறை தாளில் எடுத்து மெய்ப்புப் பார்க்காமல் அச்சுக்கு விடாதீர்கள். நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது. அதற்குக் காசு கேட்பவர் தன் கூலியைத்தான் கேட்கிறார். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் தலா ஒரு பிரதி அனுப்ப வேண்டும். பலர் மறப்பது இதை.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் செலவு கிட்டத்தட்ட இல்லை. அத்தியாயத் தலைப்புகளுக்கு ‘ஹெட்டிங் 1’ கொடுத்தால் பொருளடக்கம் சரியாக அமையும். ‘செலக்ட்’ திட்டத்தில் சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக்கூடாது. கதைகளை இலவசமாகப் படிக்கத் தரும் பிரதிலிபி தளத்தில் போட்ட தொடரை எடுக்காமல் சேர்ந்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

குடும்ப நாவலுக்குப் பிரதிலிபியில் வாசகரைச் சேர்த்துக்கொண்டு பதிப்பகத்துக்குப் போவது ஓடுகிற வழி. இலக்கிய நாவலுக்கு அது எதிராகவே முடியலாம்: இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை எடுக்கப் பதிப்பாளர் யோசிப்பார். அப்படிப்பட்ட நாவலைப் பதிப்பகத்துக்கு அனுப்பி ஆறு மாதம் காத்திருங்கள், அதுவரை எங்கும் ஏற்றாதீர்கள். பதில் வராவிட்டால் 300 பிரதி அச்சிடலாம், அதில் 150ஐயாவது நேரில் விற்க ஆளிருந்தால்.

ஏற்காட்டில் வீடு என்றால் அச்சான புத்தகக் கட்டுகளை மலைக்கு ஏற்றாதீர்கள். ஐப்பசி மூட்டத்தில் தாள் ஈரம் குடித்து அட்டை சுருண்டுகொள்ளும். கீழே சேலத்திலேயே, தரையில் படாமல் பலகைமேல் அடுக்கி வையுங்கள்.