டிரான்ஸ்ஃபர் கேஸ் போனால்: ரீமேனா, ஹாஃப்-கட்டா, பிரித்து வேலை பார்ப்பதா?

கியர்பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். எங்கள் ஜீப் ராங்லரில் அதிலிருந்து எண்ணெயை வடித்தபோது எண்ணெய் வெயிலில் மினுங்கியது. விரலில் தொட்டுத் தேய்த்தால் வெள்ளிப் பூச்சுபோல ஒட்டிக்கொண்டது. கேஸில் ஊற்றுவது ஏடிஎஃப்+4 என்ற ஆட்டோ கியர் எண்ணெய். புதிதில் சிவப்பாக இருக்கும், ஓட ஓடப் பழுப்பாகும். அதுவரை கவலையில்லை. மினுங்கினால் உள்ளே உலோகம் தேய்கிறது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் மலேசியாவில் மெர்சிங் பக்கம் ஒரு சேற்று மேட்டில் ஃபோர்-லோ, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியர், போட்டு ஏறியபோது, காலுக்கு அடியில் சுத்தியலால் அடிப்பதுபோல 'டக்... டக்' என்று கேட்டது. ஆக்ஸிலரேட்டரை விட்டால் நின்றது, மிதித்தால் வந்தது. சங்கிலி நீண்டு பல்சக்கரத்தில் தாவும் சத்தம்.

வண்டி 2010 மார்ச்சில் பதிவான ஜேகே ரக ராங்லர், 3.8 லிட்டர் வி6. சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழான சிஓஇயை 2020-இல் பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தோம். அதாவது 2030 மார்ச் வரை ஓடும். இந்தத் தேதியை நினைவில் வையுங்கள், பிறகு அதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்யப்போகிறது.

கேஸ் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் இரண்டு சின்ன விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். ஜேகேயில் ஃபோர்-லோ லீவரிலிருந்து கேஸுக்குக் கேபிள் போகிறது. அதன் முனையில் உள்ள பிளாஸ்டிக் புஷ் உடைந்தாலே கியர் விழாது. சில வெள்ளி சாமானுக்காகக் கேஸையே மாற்றிவிடக் கூடாது. அடுத்தது, முன்பக்க புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட். அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் போனாலும் சத்தம் வரும். எங்கள் வண்டியில் இரண்டும் நன்றாகவே இருந்தன.

புதிய கேஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விலை கேட்டேன், பதினைந்து வயது வண்டிக்கு அது பொருந்தாது. மீதி மூன்று வழிகள்: இருக்கும் கேஸைப் பிரித்துத் தேய்ந்ததை மாற்றுவது, ஜேபியில் (ஜொகூர் பாருவில்) ஹாஃப்-கட், அதாவது பாதியாக வெட்டிய பழைய வண்டியிலிருந்து கழற்றிய கேஸ், அமெரிக்காவிலிருந்து ரீமேன், அதாவது முழுதாகப் பிரித்துப் புதுப்பித்த கேஸ். நான் எடுத்தது மூன்றாவது. ஏன் என்று சொல்கிறேன்.

பிரித்து வேலை பார்ப்பதுதான் என் முதல் ஆசையாக இருந்தது. ஜேபியில் எங்கள் குடும்ப வண்டிகளைப் பல வருடமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். சங்கிலி, பேரிங், சீல், ஃபோர்க் பேட் எல்லாம் அடங்கிய செட்டை வரவழைத்தால் அவரே போட்டுத் தருவார், கூலியும் குறைவு. அவர் பின்பக்க மூடியை மட்டும் கழற்றினார். பேரிங்கை வெளியே எடுத்து, துடைத்து, திரும்ப அதன் குழியில் வைத்தார். மரச் சுத்தியலால் தட்டித்தான் அது இறங்க வேண்டும். அவர் கட்டைவிரலால் அழுத்தினார், வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. "தம்பி, கையாலேயே போகுது பாருங்க. புது பேரிங் போட்டாலும் இந்த வீட்டில் குடியிருக்காது" என்றார். பேரிங்கின் வெளி வளையம் குழிக்குள் சுற்றிச் சுற்றி அலுமினியத்தையே தேய்த்திருக்கிறது. குழியின் உட்சுவர் கண்ணாடிபோலப் பளபளத்தது, எண்ணெயில் மினுங்கியதும் அதுதான். அந்த நிமிடத்தோடு இந்த வழி எனக்கு மூடிவிட்டது. குழி நன்றாக இருப்பவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹாஃப்-கட் எளிது. ஆனால் ஜேபி யார்டுகளில் ஜப்பான் வண்டிகள் குவிந்து கிடக்கும், ராங்லர் எப்போதாவதுதான் வரும். எனக்குக் கிடைத்த ஒரே கேஸ், ரீமேன் விலையில் மூன்றில் ஒரு பங்கு. அது யார் வண்டியில் இருந்தது, எப்படி ஓட்டப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. இந்த ஜீப்பில் ஃபோர்-ஹை, அதாவது சாதாரண வேகத்தில் நான்கு சக்கரமும் இழுப்பது, தேவைக்கு மட்டும் போடும் பார்ட்-டைம் வகை, காய்ந்த தார்ச்சாலையில் போடவே கூடாது. முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றக் கட்டப்பட்டிருப்பதால், வளைவில் முறுக்கு விசை ஏறிச் சங்கிலியில் போய் நிற்கும். எங்களுக்கு முன் இதை வைத்திருந்தவர் மழை வந்தால் விரைவுச்சாலையிலேயே ஃபோர்-ஹை போடுவாராம். யார்டில் இருந்த கேஸும் அப்படி ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம்.

ரீமேன் என்பதை ரிப்பேரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ரிப்பேரில் கெட்டதை மட்டும் மாற்றுவார்கள். ரீமேனில் முழுதாகப் பிரித்து, கூட்டின் குழிகளை அளந்து பார்த்து, தேயக்கூடியது எல்லாவற்றையும், அதாவது சங்கிலி, பேரிங், சீல், ஃபோர்க் பேட் எல்லாம் புதிதாகப் போட்டு, மேசையில் ஓட்டிப் பார்த்து அனுப்ப வேண்டும். 'வேண்டும்' என்கிறேன், ஏனென்றால் வெறுமனே ரிப்பேர் செய்து, கழுவி, பெயின்ட் அடித்து ரீமேன் என்று விற்பவர்களும் உண்டு. எதையெல்லாம் மாற்றினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பட்டியல் தராதவரிடம் வாங்காதீர்கள்.

இப்போது அந்த 2030 மார்ச்சுக்கு வருவோம். வேறு ஊரில் இருப்பவர் வண்டி சாகும்வரை ஓட்டலாம். நமக்குச் சிங்கப்பூரில் வண்டியின் ஆயுள் எஞ்சினிலோ கியர்பாக்ஸிலோ இல்லை, காகிதத்தில் இருக்கிறது. பத்து ஆண்டுக்குப் புதுப்பித்தவர் முடியும்போது மறுபடி புதுப்பிக்கலாம், ஐந்து ஆண்டுக்கு எடுத்தவருக்கு அதுவும் இல்லை, கட்டாயம் பதிவை ரத்து செய்ய வேண்டும். பதிவை ரத்து செய்யும்போது கிடைக்கும் பார்ஃப் தள்ளுபடியும் புதுப்பித்த அன்றே போய்விடுகிறது. பத்து வயது தாண்டினாலே ஆண்டுக்கு ஒரு முறை சோதனை, பதினான்கு வயது தாண்டினால் சாலை வரியில் 50 விழுக்காடு கூடுதல். இப்படிப்பட்ட வண்டியை வாங்க வருபவர் சிஓஇ எத்தனை மாதம் மீதி என்றுதான் முதலில் கேட்பார், அப்புறம் துருவைப் பார்ப்பார். டிரான்ஸ்ஃபர் கேஸ் புதிது என்று சொன்னால் தலையாட்டுவாரே தவிர, அதற்காக நூறு வெள்ளி ஏற்றித் தரமாட்டார். ஆக, இதில் போடும் பணம் விற்கும்போது திரும்பாது. நாம் ஓட்டித்தான் அதைக் கழிக்க வேண்டும்.

அதனால் விலையைப் பார்க்காமல் மாதத்தைப் பார்த்தேன். 2025 ஜனவரியில் முடிவெடுத்தபோது 62 மாதம் மீதி. ரீமேன், கப்பல் கூலி, வரி, மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து 62-ஆல் வகுத்தால் மாதம் ஐம்பது வெள்ளிக்குச் சற்று மேல். ஹாஃப்-கட்டுக்கு இருபதைத் தாண்டியது. வித்தியாசம் மாதம் முப்பது. ஆனால் கழற்றி மாட்டும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான்: அடித்தகடு, இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட், குறுக்குச் சட்டம் எல்லாம் இறங்க வேண்டும். ஹாஃப்-கட் இரண்டாம் வருடம் காலைவாரினால் அந்தக் கூலி இன்னொரு முறை, மெர்சிங்கிலிருந்து இழுத்துவரும் செலவு தனி. 62 மாதத்துக்கு எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. 18 மாதம்தான் மீதி என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஹாஃப்-கட் எடுத்திருப்பேன். காட்டுக்கே போகாதவர் என்றால் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் டூ-எச்சிலேயே ஓட்டலாம், அதில் சங்கிலிக்குச் சுமை இல்லை. ஆனால் பின்பக்க பேரிங் அப்போதும் சுமை தாங்கும், எங்களுக்குப் போனதுபோலக் குழி போயிருந்தால் தள்ளிப்போடக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து வாங்குபவர் தடுக்கி விழும் இடம் 'கோர்' முன்பணம். பழைய கேஸைத் திருப்பி அனுப்பினால் தருவதாக ஒரு தொகையை விலையோடு பிடித்துக்கொள்வார்கள். அமெரிக்காவுக்குள் இருப்பவருக்கு அது சரி. இங்கிருந்து, ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத இரும்பும் அலுமினியமும் கலந்த மூட்டையை, எண்ணெய் ஒரு சொட்டும் கசியாதபடி துடைத்துக் கட்டி அனுப்பும் கூலி அந்த முன்பணத்தையே விழுங்கிவிடும். குழி தேய்ந்த கூட்டை அவர்கள் ஏற்கவும் மாட்டார்கள். நான் அதைத் திரும்பி வராத பணமாகவே கணக்கில் சேர்த்தேன். 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் பொருளின் விலைக்கு மட்டுமல்ல, கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் சேர்ந்த தொகைக்கு என்பதை மறந்துவிடாதீர்கள். உத்தரவாதமும் பொருளுக்கு மட்டும்தான். கழற்றும் கூலியும் திருப்பி அனுப்பும் கூலியும் நம் தலையில். அதை நம்பி ரீமேன் எடுக்க வேண்டாம், உள்ளே இருப்பதை நம்பி எடுங்கள்.

ஆர்டர் கொடுக்கும் முன் கேஸின் பின்பக்கத்தில் உள்ள வட்டத் தகட்டைத் துடைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். அதில் எண்ணும் லோ விகிதமும் அடித்திருக்கும். எங்களுடையது 2.72. ரூபிகான் ரக ராங்லர் வைத்திருப்பவருக்கு 4, அது வேறு கேஸ். இன்புட் ஷாஃப்ட்டின் பல் எண்ணிக்கையையும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். கேஸ் வந்து சேரும்வரை அண்ணன் பழையதையே மூடி எண்ணெய் ஊற்றித் தந்தார், மெதுவாக வேலைக்கு மட்டும் போய் வந்தேன். மாற்றியது ஒரே நாளில் முடிந்தது.

அதன்பின் ஜொகூரில் கஹாங்கிலிருந்து கம்போங் பெத்தா போகும் மண்பாதையில் இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டது, சத்தம் இல்லை. வடித்துப் பார்த்த எண்ணெயிலும் மினுக்கம் இல்லை. ஐந்து வருடம் தாங்குமா என்பதை 2030-இல்தான் சொல்ல முடியும்.

பஜேரோ, ஹைலக்ஸ், டிரைட்டன் வைத்திருப்பவர்கள் என் கணக்கை அப்படியே எடுக்க வேண்டாம், என் கை அழுக்கானது ஜீப்பில் மட்டும்தான். அவர்களுக்கு ஜேபியில் நாலைந்து கேஸை வரிசையாக வைத்துப் பொறுக்க முடியும், விலையும் பேசலாம். ஒன்று மட்டும் செய்யுங்கள்: பணம் கொடுக்கும் முன் கேஸில் மிச்சமிருக்கும் எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் வடித்துக் காட்டச் சொல்லி, வெயிலில் பிடித்துப் பாருங்கள்.