பழைய ஸ்போர்ட்டி வேகனுக்கு ஆல்-சீசன் டயர் வாங்குகிறீர்களா? மாட்டுவதற்கு முன்னால் பாருங்கள்

"ஆல்-சீசன் டயர் 4, பேலன்சிங், வீல் அலைன்மென்ட்." பில்லில் இருந்தது இவ்வளவுதான். வண்டியில் இருந்தது வேறு. நான் கேட்டதைவிட எடை தாங்கும் திறன் குறைந்த நான்கு டயர், அதில் இரண்டு ஆறு வருடப் பழசு, கூடவே செய்யாத அலைன்மென்ட்டுக்குக் காசு. புகார் கொடுத்து அது இன்னும் முடியாததால் கடையின் பெயரை எழுதவில்லை. எப்படிச் செய்தார்கள் என்பதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். இந்த வேலையை எந்தக் கடையிலும் செய்ய முடியும்.

என்னுடையது டர்போ பெட்ரோல் ஸ்டேஷன் வேகன். பதினைந்து வயதைத் தாண்டிவிட்டது, நான்கு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. இந்த மாதிரி வண்டிக்கு டயர் தேடுவது கொஞ்சம் இம்சைதான். முன்பாதி வேகமாக வளைவதற்குச் செய்தது, பின்பாதி மூட்டை ஏற்றுவதற்குச் செய்தது. இரண்டுக்கும் ஒரே டயர் பதில் சொல்ல வேண்டும். டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் 225/45 ஆர்17 94டபிள்யூ எக்ஸ்.எல். என்று போட்டிருக்கிறது. முதலில் இருப்பது டயரின் அளவு, 94 எடை எண், டபிள்யூ வேக எழுத்து, எக்ஸ்.எல். என்றால் கூடுதல் எடை தாங்கும் வகை. கடைக்கு இதை அப்படியே மெசேஜில் அனுப்பினேன். குளிர்காலத்தில் பனி விழும் சாலையிலும் ஓட்ட வேண்டியிருப்பதால், மூன்று சிகர மலைக்குள் பனிச்செதில் போட்ட முத்திரை கட்டாயம் வேண்டும் என்றும் எழுதினேன். "சரி சார், வரவழைச்சிடலாம்" என்று பதில் வந்தது. அந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருந்ததால்தான் இப்போது பேசவே முடிகிறது.

வண்டியை எடுக்கப் போனபோது வேலை முடிந்து, கழுவி, டயருக்கு பாலிஷ் அடித்து, வெளியே நிறுத்தியிருந்தார்கள். நான்கும் கன்னங்கரேலென்று மின்னின. அந்த பாலிஷ் எதற்கு என்று பிற்பாடுதான் விளங்கியது. புது ரப்பருக்குத் தானாகவே ஒரு கருமை இருக்கும். வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்தது சாம்பல் பூத்துப்போய் இருக்கும். பாலிஷ் அடித்தால் இரண்டும் ஒன்றுதான்.

ஓட்டத் தொடங்கியதுமே ஸ்டியரிங் சரியில்லை. நேர் சாலையில் வண்டி வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போனது. வளைவில் திருப்பினால் ஒரு கணம் தாமதித்து, பிறகுதான் வண்டி திரும்பியது. போன் செய்தேன். "புது டயர் சார், கொஞ்சம் ஓடினா செட் ஆயிடும்." இதில் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. புது டயரின் மேல்பரப்பு வழுவழுப்பு போக முதல் சில நூறு கிலோமீட்டர் ஓட வேண்டும் என்பது சரிதான். வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அப்புறம் ஒரு மழை நாளில், நிதானமான வேகத்தில் ஒரு ரவுண்டானாவைச் சுற்றும்போது பின்பக்கம் தனியாக நழுவியது. இந்த வண்டி எனக்கு அப்படிச் செய்ததே இல்லை.

வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றினோம். அங்கிருந்த மெக்கானிக் முதலில் டயரைப் பார்க்கவில்லை, ஸ்டியரிங்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் டை-ராடு கம்பியின் முனையில் டார்ச் அடித்தார். முன்சக்கரத்தின் டோ கோணத்தை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாற்ற வேண்டுமானால் அங்கே இருக்கும் பூட்டு நட்டை முதலில் தளர்த்தியாக வேண்டும், வேறு வழி இல்லை. அந்த நட்டும் மரையும் ஒரே துருவாக ஒட்டிக் கிடந்தன. துரு எங்கும் உடையவில்லை, ஸ்பேனர் பட்ட பளபளப்பு ஒரு முனையில்கூட இல்லை, மேலே பழைய சேறு காய்ந்து அப்படியே இருந்தது. "அலைன்மென்ட் பண்ணினதுக்கு பிரிண்ட் கொடுத்தாங்களா?" என்று கேட்டார். கொடுக்கவில்லை. செய்திருந்தால் இயந்திரம் முன்பு இருந்த கோணம், பின்பு வந்த கோணம் இரண்டையும் தாளில் அடித்துத் தரும். கோணம் ஏற்கெனவே சரியாக இருந்தால் நட்டைத் தொட வேண்டாம்தான். ஆனால் அவர் தன் இயந்திரத்தில் வைத்துப் பார்த்தபோது டோ அளவை விட்டு வெகுவாக விலகியிருந்தது.

அதற்குப் பிறகுதான் டயர். வெளிப்பக்கச் சுவரில் 225/45 ஆர்17 91எச் என்று இருந்தது. அளவு சரி, மற்ற எல்லாமே தப்பு. 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும், 91 என்றால் 615. பின்அச்சில் மட்டும் 110 கிலோ வித்தியாசம். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறையப் பெட்டிகள் என்று கிளம்பும் வேகனுக்கு இது விளையாட்டில்லை. கடைக்காரர் பின்னர் "காத்து கொஞ்சம் கூட வெச்சா சமாளிக்கும்" என்றார். சமாளிக்காது. எக்ஸ்.எல். அல்லாத சாதாரண டயர் 2.5 பார் அழுத்தத்திலேயே தன் உச்ச எடையைத் தொட்டுவிடுகிறது. அதற்குமேல் காற்று ஏற்றினால் டயர் விறைக்கும், தாங்கும் எடை கூடாது. எக்ஸ்.எல். டயர் 2.9 பார் வரை போவதால்தான் அந்த 670 கிலோ கிடைக்கிறது.

எச் என்றால் 210 கிலோமீட்டர் வேகம் வரை, டபிள்யூ என்றால் 270 வரை. "சார் என்ன 270-ல போகப்போறீங்களா?" என்று சிரித்தார்கள். நான் போகப்போவதில்லை. ஆனால் அந்த எழுத்துக்கேற்ப டயரின் உள்கட்டுமானமும் சூட்டைத் தாங்கும் திறனும் மாறும். பொதுவாக எச் டயரின் பக்கச்சுவர் கூடுதலாக நெளியும். ஸ்டியரிங்கில் நான் உணர்ந்த அந்த ஒரு கணத் தாமதம் அதுதான். பழைய சஸ்பென்ஷன் மேல் தப்பு என்று நினைத்து ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள்.

பனிச்செதில் முத்திரையும் இல்லை, எம்+எஸ் (சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) மட்டும்தான் இருந்தது. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். எம்+எஸ் என்பது டிரெட்டின், அதாவது தரையில் படும் பள்ளமிட்ட பரப்பின், வடிவத்தை வைத்து டயர் தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்ளும் எழுத்து, அதற்கென்று எந்தப் பனிச் சோதனையும் கிடையாது. மலை-பனிச்செதில் முத்திரை போட வேண்டுமானால் பனிப்பரப்பில் பிடிப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். (அதுவும் உறைந்த ஐஸுக்கு உத்தரவாதம் இல்லை.) இரண்டையுமே கடையில் "ஆல்-சீசன்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

தேதி விஷயம்தான் இருப்பதிலேயே திருட்டுத்தனம். டயரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். அந்த நான்கு இலக்கம் பெரும்பாலும் ஒரு பக்கச்சுவரில் மட்டுமே இருக்கும். எனக்கு மாட்டியவை இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் வகை, எந்தப் பக்கத்தையும் வெளியே வைக்கலாம். முன்சக்கரம் இரண்டிலும் தேதி வெளியே தெரிந்தது: 1024, அதாவது 2024-இன் பத்தாவது வாரம். நான் வாங்கியதும் 2024-இல்தான், அதனால் சந்தேகமே வரவில்லை. பின்சக்கரம் இரண்டையும் தேதி உள்ளே போகும்படி திருப்பி மாட்டியிருந்தார்கள். லிஃப்டின் அடியில் நின்று, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச்சை நீட்டிப் பார்த்தால் 2318. டிரெட் பள்ளத்தின் அடியில் தலைமுடி போலச் சின்ன வெடிப்புகள் ஓடின. மழையில் பின்பக்கம் நழுவியதற்கு அந்த இறுகிய ரப்பரும் விலகிய டோவும்தான் காரணம் என்றார் மெக்கானிக்.

"ஓடாத டயர் புதுசுதான் சார்" என்பது கடையின் வாதம். ஓரிரு வருடம் நல்ல கிடங்கில் இருந்த டயரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காற்றும் சூடும் ரப்பரை இறுக்கிக்கொண்டுதான் இருக்கும். ஆறு வருடத்தில் மாற்றிவிடுங்கள் என்று சொல்லும் கார் கம்பெனிகளே இருக்கும்போது, எனக்கு மாட்டும் நாளிலேயே அந்த வயது வந்துவிட்டது. அதைவிட, பழசில் தப்பில்லை என்றால் தேதியை ஏன் உள்பக்கம் திருப்ப வேண்டும்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

சக்கர நட்டுகளை ஏர் கன்னால் முறுக்கியே விட்டிருந்தார்கள், அளவோடு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சைத் தொடவே இல்லை. வண்டியோடு வந்த ஸ்பேனரால் ஒன்றுகூட அசையவில்லை. நடுவழியில் பஞ்சராகியிருந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

சண்டை போட்டதில் அலைன்மென்ட் பணம் திரும்ப வந்தது. டயருக்கு, "பின்னாடி இரண்டு மட்டும் மாத்தித் தரோம்" என்றார்கள். அதை நான் ஏற்கவில்லை. நான்குமே 91எச் என்பது ஒரு பக்கம். அவர்கள் கையிலிருந்த இரண்டும் வேறு கம்பெனி, வேறு மாடல் என்பது இன்னொரு பக்கம். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் நான்கின் சுற்றளவும் ஒத்துப்போக வேண்டும். என் அளவுக்கு டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1,990 மில்லிமீட்டர். முன்டயருக்கும் பின்டயருக்கும் டிரெட் ஆழம் 3 மில்லிமீட்டர் வேறுபட்டாலே சுற்றளவில் 19 மில்லிமீட்டர் போய்விடும், கிட்டத்தட்ட ஒரு சதவீதம். நேர் சாலையில்கூட, முன்அச்சையும் பின்அச்சையும் இணைக்கும் நடுக் கப்ளிங் அந்த வித்தியாசத்தை விடாமல் ஈடுகட்டிச் சூடாகும். இந்த வயது வண்டிக்கு அந்த கப்ளிங் போனால் செலவு டயரோடு நிற்காது.

வேறு கடையில் நான்கும் புதிதாக வாங்கினேன். 94டபிள்யூ எக்ஸ்.எல்., முத்திரையோடு. ரிம்மில் ஏற்றுவதற்கு முன் நான்கையும் தரையில் படுக்க வைத்து, அளவு, எடை எண், தேதி எல்லாம் தெரிய போட்டோ எடுக்கக் கேட்டேன். அந்தக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் தானே திருப்பிக் காட்டினார், பில்லிலும் ஒவ்வொரு டயரின் தேதியையும் எழுதிக் கொடுத்தார். தயங்கும் கடையாக இருந்தால் அங்கிருந்தே கிளம்பிவிடுங்கள். ரிம்மில் ஏறி ஒரு சுற்று ஓடிவிட்டால் "யூஸ் பண்ணின டயர்" என்று சொல்லித் திரும்ப வாங்க மறுப்பார்கள், என்னிடம் அதையேதான் சொன்னார்கள்.

2318 தேதி போட்ட இரண்டையும் தூக்கிப் போடவில்லை, புகாருக்குத் தேவைப்படும். உங்களில் யாராவது இதே மாதிரி திருப்பி மாட்டப்பட்ட டயரோடு சண்டை போட்டு முழுப் பணமும் திரும்ப வாங்கியிருந்தால், என்ன ஆதாரம் காட்டினீர்கள் என்று எழுதுங்கள்.